பன்னிரண்டாவது நிமிடம்

புகைப்படக் காமிரா வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டது. அதை நம்பித் தொழிலில் இறங்கிய ஒருவர் கற்றுக்கொண்டது வேறு.

2010 டிசம்பர். தில்லியின் தெற்கு ஓரத்தில், சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீடு. பண்ணை வீடு என்றதும் வயலும் வரப்பும் தேடக் கூடாது. தில்லிக்காரர்கள் கல்யாணம் நடத்த வாடகைக்கு எடுக்கும் புல்வெளிக்கு அங்கே அதுதான் பெயர். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மாப்பிள்ளை ஊர்வலம் வந்து, மாலை மாற்றி, விருந்தாளிகள் சாப்பிட்டுக் கலைந்துவிட்டார்கள். பந்தலில் ஹோமத் தீயைச் சுற்றி மிஞ்சியிருப்பவர்கள் இரு வீட்டின் நெருங்கிய உறவினர்கள், போர்வைக்குள் தூங்கும் குழந்தைகள், பண்டிட்ஜி, வீடியோக்காரர்.

கன்னிகாதானம் நடந்துகொண்டிருக்கிறது. பெண்ணின் அப்பா மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்கப் போகிறார். வீடியோக்காரர் ஒற்றைக் கால் ஸ்டாண்டில் காமிராவை ஊன்றி, ஒரு முட்டியைத் தரையில் வைத்து, லென்ஸ் வளையத்தை மயிரிழை அளவில் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஹோமப் புகை கண்ணில் ஏறுகிறது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்க்கிறார். தீயின் வெளிச்சத்தில் பெண்ணின் முகம் அத்தனை அழகாக இருக்கிறது. பின்னால் தொங்கும் சரவிளக்குகள் கரைந்து வட்டவட்டமாக மிதக்கின்றன. ஆனால் திரையின் மூலையில் இருக்க வேண்டிய சிவப்புப் புள்ளியைக் காணவில்லை.

காமிரா எப்போதோ பதிவை நிறுத்திவிட்டது. அவர் பொத்தானை அழுத்தினார். புள்ளி திரும்ப வந்தது. அதற்குள் அப்பா கையை எடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

காமிராவில் கோளாறு எதுவும் இல்லை. அது அப்படித்தான் தயாரிக்கப்பட்டிருந்தது. கேனன் 5டி மார்க் 2 என்ற அந்தக் காமிரா முழு உயர்தர வீடியோவை ஏறத்தாழ 12 நிமிடம் பதிவு செய்யும். அதன் நினைவு அட்டையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அந்த எல்லையைத் தொட்டதும் காமிரா நின்றுவிடும். மறுபடி பொத்தானை அழுத்தினால் இன்னொரு 12 நிமிடம். இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஒரு வருடமாக எண்ணி எண்ணித்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

அவருக்கு அப்போது வயது 31. தொழிலுக்கு வந்தது 2001-ல். கிழக்கு தில்லியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பெரியவரிடம் விளக்குப் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தார். கையில் 'சன்கன்' என்கிற கண்ணைப் பறிக்கும் விளக்கு, தோளில் சுற்றிய மின்கம்பி, பெரியவர் நகரும் திசையெல்லாம் பின்னால் நகரும் வேலை. பெரியவரைத் தொழிலில் எல்லோரும் உஸ்தாத் என்பார்கள். பின்னாளில் அவரிடம் இருந்தது சோனி பிடி170. இந்தியாவில் செய்தி சானல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஒரு காலத்தில் சோறு போட்ட காமிராக்களில் அதுவும் ஒன்று. ஒரு டேப் போட்டால் 60 நிமிடம் ஓடும். உஸ்தாத் அதை ஓடவிட்டால் ஓடவிட்டதுதான்.

"கல்யாண வீட்டில் காமிராவை நிறுத்தாதே, பேட்டா. எது முக்கியம் என்று தீர்மானிக்க நாம் யார்? அவர்கள் தீர்மானிக்கட்டும். டேப் என்ன பெரிய விலையா?" என்பார் உஸ்தாத். பையனுக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. உஸ்தாத் எடுத்த படங்களில் அழகு என்பது மருந்துக்கும் கிடையாது. சன்கன் வெளிச்சத்தில் எல்லா முகங்களும் வெளுத்திருக்கும். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். முன்னால் இருக்கும் மணப்பெண்ணும் பின்னால் குலாப் ஜாமூன் சாப்பிடும் மாமாவும் ஒரே துல்லியத்தில் தெரிவார்கள். 3 மணி நேரக் கேசட்டை வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்ப்பார்கள்; அப்புறம் அலமாரியில் வைத்துவிடுவார்கள். இதை விட நன்றாகச் செய்ய முடியும் என்று அவர் நினைத்தார். எட்டு வருடம் அதே நினைப்போடு விளக்குப் பிடித்தார், பிறகு இரண்டாவது காமிரா பிடித்தார், இரவில் எடிட்டிங் கற்றுக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் ஜப்பானில் வேறொன்று நடந்தது. 2008 ஆகஸ்டில் நிகான் நிறுவனம் டி90 என்ற புகைப்படக் காமிராவை அறிவித்தது. லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய எஸ்.எல்.ஆர். காமிராக்களில் வீடியோ எடுத்த முதல் காமிரா அதுதான். அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 வந்தது. அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 2,699 டாலர். கேனன் மனதில் வைத்திருந்தது கல்யாண வீடியோக்காரர்களை அல்ல, சினிமாக்காரர்களையும் அல்ல. செய்தி நிறுவனங்களின் புகைப்படக்காரர்கள் போட்டோ எடுக்கும் இடத்தில் இணையதளத்துக்காகக் கொஞ்சம் வீடியோவும் எடுத்து அனுப்பட்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் நியூயார்க்கில் வின்சென்ட் லாஃபோரே என்ற புகைப்படக்காரர் காமிராவின் முன்மாதிரி ஒன்றைக் கடன் வாங்கி, ஒரு வார இறுதியில் 'ரெவரி' என்ற குறும்படத்தை எடுத்துவிட்டார். இரவு நகரத்தின் தெருவிளக்கிலேயே எடுக்கப்பட்ட அந்தப் படத்தை உலகம் முழுவதும் வீடியோக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கிழக்கு தில்லியில் ஓர் இணைய மையத்தில் விட்டு விட்டு ஓடிய படத்தை இவரும் பார்த்தார்.

வாயைப் பிளந்ததற்குக் காரணம் இருந்தது. பிடி170-க்குள் ஒளியை வாங்கும் சில்லுகள் மூன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலம், ஒரு பருப்பு அளவு. 5டி மார்க் 2-ன் சென்சார் பழைய பிலிம் சுருளின் ஒரு கட்டத்தின் அளவு: 36 மில்லிமீட்டருக்கு 24. பரப்பில் பார்த்தால் பருப்பைப் போல 50 மடங்கு. சென்சார் பெரிதானால் இரண்டு நன்மை. குறைந்த வெளிச்சத்திலும் படம் கிடைக்கும். முகம் தெளிவாக இருக்கும்போது பின்னணி கரைந்துபோகும். சினிமாவில் பார்க்கும்போது 'சினிமா மாதிரி இருக்கிறது' என்று நமக்குத் தோன்றவைப்பதில் பாதி அந்தக் கரைசல்தான். அதற்காகவே லட்சக்கணக்கில் வாடகை கொடுத்துப் பெரிய காமிராக்களை எடுத்த காலத்தில், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைக் கொடுத்தது.

2009 கடைசியில் அவர் கமிட்டிப் பணத்தை எடுத்தார். நம் ஊர்ச் சீட்டுக்குத் தில்லியில் கமிட்டி என்று பெயர். மனைவி மூன்று வருடமாகக் கட்டி வந்த கமிட்டி அது. வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி என்று பேச்சு. பணத்தோடு சாந்தினி சௌக்கில் காமிராக் கடைகள் நெருக்கியடித்திருக்கும் கூச்சா சௌத்ரி சந்துக்குள் நுழைந்தார். வெளியே வரும்போது கையில் ஒரு காமிரா, இரண்டு லென்ஸ், மூன்று நினைவு அட்டை. பேருந்துக்கு மட்டும் காசு இருந்தது. உஸ்தாதிடம் சொல்லிக்கொண்டு விலகினார். உஸ்தாத் காமிராவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இது போட்டோ காமிராதானே, பேட்டா?"

அந்தக் கேள்வியில் எல்லாமே இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

முதல் குளிர்காலம் கொண்டாட்டமாகப் போனது. தில்லிக் கல்யாணங்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் இரவில். புகைப்படக் காமிராவின் பெரிய கண்ணுக்கு இரவு பிடித்திருந்தது. சன்கன் வேண்டாம். விளக்குப் பிடிக்கும் பையன் வேண்டாம். விளக்கு இல்லாததால் யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. காமிரா சிறிதாக இருந்ததால், போட்டோ எடுக்கிறார் என்று நினைத்து யாரும் விறைக்கவும் இல்லை. மணப்பெண் தோழியிடம் கிசுகிசுப்பது, மாப்பிள்ளை காலணியைத் தேடுவது, பாட்டியின் கை நடுக்கம் எல்லாமே கிடைத்தன. 3 மணி நேரக் கல்யாணத்தை 4 நிமிடப் பாட்டாகச் சுருக்கித் தந்தார். வாடிக்கையாளர்கள் அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார்கள். ஒரு கல்யாணம் மூன்று கல்யாணத்தைக் கொண்டுவந்தது.

காமிராவின் மறு பக்கம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். காமிராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடி என்று பூட்டாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். தொடக்கத்தில் காமிரா நொடிக்கு 30 படங்கள்தான் எடுத்தது, இந்தியாவில் டி.வி.க்கும் டி.வி.டி.க்கும் வேண்டியது 25. கேனன் 2010 மார்ச்சில் மென்பொருளைத் திருத்தித் தரும் வரை எடிட்டிங்கில் படம் குதித்துக் குதித்து நடந்தது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும்; நடுவில் பக்கத்துப் போட்டோக்காரர் ஃபிளாஷ் அடித்தால் படத்தின் பாதி வெளுத்து, மறு பாதி இருட்டாக இருக்கும். பாதி வெளுத்த மணமக்களை எந்த அம்மாவும் விரும்புவதில்லை. மாப்பிள்ளையின் கோட்டில் மெல்லிய கோடுகள் இருந்துவிட்டால் அதன் மேல் இல்லாத வானவில் ஒன்று நெளியும்.

முகத்தைத் தொடரும் தானியங்கிக் குவியம் அந்தக் காமிராவில் வீடியோவுக்குக் கிடையாது. கேனன் காமிராவில் அது உருப்படியாக வந்தது 2013-ல் 70டி வெளியானபோதுதான். பின்னணி கரைய வேண்டுமென்றால் குவியம் சில அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். பெண் ஓர் எட்டு முன்னால் வைத்தால் மூக்குத்தி தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருக்கும். சினிமாவில் இந்த ஒரு வேலைக்கென்றே தனி ஆள் உண்டு. இங்கே இடது கையின் இரண்டு விரல்தான் அந்த ஆள்.

எல்லாவற்றிலும் மோசம் ஒலி. காமிராவுக்குள் இருந்த மைக் பெயருக்குத்தான். சத்தம் குறைந்தால் காமிரா தானாக ஒலியைத் தூக்கி இரைச்சலை உண்டாக்கும். ஹெட்போன் செருக இடமே கிடையாது. என்ன பதிவாகிறது என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும். ஆகவே தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்க வேண்டியிருந்தது. சடங்கு தொடங்கும் முன் பண்டிட்ஜியின் பூத்தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, காமிராவின் முன் நின்று ஒரு தடவை கை தட்டுவார். பிற்பாடு எடிட்டிங்கில் கை சேரும் படத்தையும் 'டப்' என்ற ஒலியையும் பொருத்தினால் படமும் குரலும் சேர்ந்துவிடும். பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமாக்காரர்கள் கிளாப் பலகையை வைத்துச் செய்வதுதான். கல்யாண வீட்டில் குழந்தைகள் இதை விளையாட்டு என்று நினைத்துக் கூடவே கை தட்டினார்கள். எந்தக் கை அவருடையது என்று இரவெல்லாம் தேட வேண்டியிருந்தது.

கல்யாணம் இல்லாத மாதங்களில் கிடைத்த வேலை வேறு மாதிரி. தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக மே மாதத்தில் புந்தேல்கண்டுக்குப் போனார், வறட்சி பற்றி ஒரு சிறு ஆவணப்படம். 40 டிகிரி வரைதான் காமிரா வேலை செய்யும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அங்கே வெயில் அதைத் தாண்டியிருந்தது. ஈரத் துண்டை மேலே போட்டு, நிழலில் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை அணைத்து எடுத்தார். ஒரு கிழவி தன் கிணறு வற்றிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, மகன் ஊரைவிட்டுப் போன இடத்துக்கு வரும்போது 12 நிமிடம் முடிந்தது. அன்று அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே பொத்தானை அழுத்தினார். ஆனால் கிழவி அவருடைய விரல் அசைந்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். "ஆயிற்றா, பையா?" என்று கேட்டாள். இல்லை, சொல்லுங்கள் என்றார். அவள் மறுபடி சொன்னாள். ஆனால் அது இரண்டாம் முறை சொல்லும் கதையாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சினிமாக்காரர்கள் யாரும் இந்த 12 நிமிடத்தைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. 2010 மே மாதம் 'ஹவுஸ்' என்ற பிரபல அமெரிக்கத் தொடரின் ஓர் அத்தியாயம் முழுக்க 5டி மார்க் 2-ல் எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது. இந்தியாவில் 2011-ல் ராம் கோபால் வர்மா 'தொங்கல முட்டா' என்ற தெலுங்குப் படத்தை 5 நாளில் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் வந்த அமோல் குப்தேயின் 'ஸ்டான்லி கா டப்பா' கேனன் 7டி காமிராவில் எடுத்தது. காமிரா சிறிதாக இருந்ததால் பள்ளிப் பிள்ளைகள் படப்பிடிப்பு என்ற மிரட்சியே இல்லாமல் நடித்தார்கள். தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012-ல் வந்தது, அதுவும் புகைப்படக் காமிராவில்தான். சினிமாவுக்கு 12 நிமிடம் மிகத் தாராளம். ஆயிரம் அடி பிலிம் சுருளே 11 நிமிடம்தான் ஓடும். மேலும் சினிமாவில் இயக்குநர் தயார் என்று சொன்ன பிறகுதான் எதுவும் நடக்கும். சரியாக வராவிட்டால் இன்னொரு டேக்.

கன்னிகாதானத்துக்கு இன்னொரு டேக் கிடையாது.

அந்த டிசம்பர் இரவுக்குப் பிறகு அவர் வீட்டில் எடிட்டிங்குக்கு உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக் கருவி பண்டிட்ஜியின் பக்கத்தில் நிற்காமல் ஓடியிருந்தது. அந்த ஒலியை நீட்டிப் போட்டு, அதன் மேல் படத்துண்டுகளைப் பொருத்தினால், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே வெறுமையாக ஓர் இடம். அளந்து பார்த்தார். 1 நிமிடம் 50 நொடி. ஒரு தகப்பன் மகள் கையை இன்னொருவன் கையில் வைக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் போயிருந்தது.

அவர் செய்தது, அந்தத் தொழிலில் யாரும் செய்வதுதான். ஹோமத் தீயின் நெருக்கக் காட்சி ஒன்று, மருதாணிக் கையின் காட்சி ஒன்று, வேறு நேரத்தில் எடுத்த அப்பாவின் முகம் ஒன்று. மேலே ஷெனாய். வேகத்தைக் குறைத்துப் போட்டார். அழகாக இருந்தது, உண்மையில் படத்திலேயே அழகான இடம் அதுதான். பெண் வீட்டார் பார்த்துவிட்டு அழுதார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் 'சினிமா மாதிரி இருக்கிறது' என்று சொல்லி, பேசிய தொகைக்கு மேல் 2,000 ரூபாய் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியாமல் போனதுதான் அவரை உறுத்தியது. உஸ்தாத் ஒரு டேப்பை வீணாக்கியிருந்தால் அந்த இடத்தில் கறுப்புத் திரை இருக்கும், வீட்டார் சண்டைக்கு வருவார்கள். இந்தக் காமிராவின் அழகு எந்த ஓட்டையையும் மூடிவிடும்.

அடுத்த ஆண்டுகளில் காமிராக்கள் மலிந்தன. 5டி வாங்க முடியாதவர்கள் 550டி வாங்கினார்கள், 600டி வாங்கினார்கள். கல்லூரி முடித்த ஒவ்வொரு தெருவிலும் ஒரு பையன் 'சினிமாட்டிக்' கல்யாணம் எடுத்துத் தரத் தயாராக இருந்தான். விளக்குக்காரர், ஒலிக்காரர், குவியம் பிடிப்பவர், எடிட்டர் என்று நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்ய முடியும் என்பதை இந்தக் காமிரா நிரூபித்துவிட்டது. நாலு பேர் கூலியை அந்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. காமிராவின் விலை குறையக் குறைய, 'சின்னக் காமிராதானே' என்ற வாதத்தில் அவருடைய கூலியும் அடிவாங்கியது. ஒரு நாள் கூலி மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்றது. முதுகு வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. குளிர்சாதனப் பெட்டி 2014-ல்தான் வந்தது.

காமிராக்களும் மாறின. 2012-ல் வந்த 5டி மார்க் 3-ல் ஹெட்போன் செருக இடம் இருந்தது. 4 ஜிகாபைட் முடிந்தால் நிற்காமல் அடுத்த கோப்புக்குத் தாவியது. ஆனாலும் 29 நிமிடம் 59 நொடியில் நின்றது. அதற்குக் காரணம் சுங்கம். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் எதுவும் அன்றைக்கு ஐரோப்பாவில் 'வீடியோ காமிரா' ஆகிவிட்டது, அதற்குத் தீர்வை அதிகமாக இருந்தது. ஒரு நொடியைக் குறைத்து, நான் புகைப்படக் காமிராதான் என்று சத்தியம் செய்தது காமிரா. உஸ்தாதின் கேள்விக்கு ஐரோப்பியச் சுங்கச் சட்டமே பதில் சொல்லியிருந்தது.

அது வெறும் சட்டப் பதில் அல்ல என்று அவருக்குப் படிப்படியாகப் பட்டது. புகைப்படம் என்பது ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து மற்ற கணங்களை விட்டுவிடும் கலை. அந்தக் காமிராவின் ஒவ்வொரு குணமும் அதிலிருந்துதான் வந்தது. ஒரு முகத்தைத் தெளிவாக்கி மற்ற முகங்களைக் கரைத்தது. படத்தைக் கவனித்தது, குரலைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு நின்றது. வீடியோ எடுத்தபோதும் அது புகைப்படக் காமிராவாகவே இருந்தது. அதைக் கையில் பிடித்த அவரும் அப்படியே ஆகியிருந்தார். கரைத்துவிட்ட முகங்களில் யார் யார் இருந்தார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை.

2021 ஜூலையில் ஓர் அழைப்பு வந்தது. அந்த சத்தர்பூர்க் கல்யாணப் பெண். இப்போது புணேயில் இருக்கிறாள். ஏப்ரல் மாத இறுதியில், தில்லி ஆக்சிஜனுக்குத் தவித்த அந்த நாட்களில், அவளுடைய அப்பா கோவிட்டில் இறந்துவிட்டார். அவளால் வர முடியவில்லை.

"பையா, எங்கள் கல்யாண வீடியோ முழுசாக உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டாள். "நீங்கள் கொடுத்தது இருக்கிறது. ரொம்ப அழகாக இருக்கிறது. அப்பா ஆறேழு இடத்தில் வருகிறார். ஆனால் ஒரு இடத்திலும் பேசவில்லை. பாட்டுதான் ஓடுகிறது."

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். பரணில் பழைய ஹார்ட் டிஸ்குகள் 11 இருந்தன. இரண்டு உயிரோடு இல்லை. ஏழாவதில் அந்தக் கல்யாணம் கிடைத்தது. காமிராக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஊர்வலத்தில் அப்பா ஆடுகிறார், மேளச் சத்தம். விருந்தில் அப்பா கும்பிடுகிறார், கூட்டத்தின் இரைச்சல். கடைசியில் அந்த ஒலிக் கோப்பு, 2 மணி 40 நிமிடம். 10 வருடமாக யாரும் முழுதாகக் கேட்காதது. அந்த 1 நிமிடம் 50 நொடிக்கு நகர்த்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

பண்டிட்ஜி மந்திரம் சொல்கிறார். விறகு வெடிக்கிறது. யாரோ இருமுகிறார்கள். பெண்ணின் அப்பா திருப்பிச் சொல்லி வருகிறார். ஒரு சொல்லில் தடுமாறுகிறார். பண்டிட்ஜி காத்திராமல் அடுத்ததற்குப் போகிறார். அப்போது அப்பாவின் குரல், மிக அருகில்: "பண்டிட்ஜி, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லையே." சுற்றி இருந்தவர்கள் மெல்லச் சிரிக்கிறார்கள். பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மந்திரம் தொடர்கிறது, மெதுவாக.

மறுநாள் அவளுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். அந்த இடத்தில் படம் கிடையாது, காமிரா நின்றுவிட்டது, நான் பார்க்கவில்லை, தீயையும் மருதாணியையும் போட்டு மூடினேன் என்றார். 2,000 ரூபாயைப் பற்றியும் சொன்னார். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "படம் எனக்கு ஞாபகம் இருக்கிறது பையா, நான் எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன். குரல்தான் மறந்துபோய்க்கொண்டே வருகிறது" என்றாள். அந்தக் கோப்பை முழுசாக அனுப்பும்படி கேட்டாள். எதையும் வெட்ட வேண்டாம் என்றாள்.

இன்று அவரிடம் இருப்பது கண்ணாடி இல்லாத புதிய வகைக் காமிரா. முகத்தை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். கோப்பு எல்லையும் இல்லை, அரை மணிக் கணக்கும் இல்லை; அட்டையும் மின்கலமும் தாங்கும் வரை ஓடும். கேனனின் உச்ச வரிசையில் கடைசி எஸ்.எல்.ஆர். 2020-ல் வந்தது. அவருடைய 5டி மார்க் 2 அலமாரியில் இருக்கிறது. விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 4 நிமிடப் பாட்டுப் படங்கள் இப்போது ஒரு நிமிடத் துண்டுகளாகிவிட்டன. அவர் அவற்றையும் எடுக்கிறார், நன்றாகவே எடுக்கிறார். அந்தப் பின்னணிக் கரைசல் இல்லாமல் யாரும் காசு கொடுப்பதில்லை.

ஆனால் அவருடைய வண்டியில் இன்னொரு காமிராவும் போகும். ஒரு பழைய சோனி ஹேண்டிகேம். படம் சுமார்தான். பந்தலின் மூலையில் முக்காலி போட்டு, மேடை முழுவதும் தெரியும்படி நிறுத்தி, பண்டிட்ஜியின் பக்கத்தில் ஒலிக் கருவியையும் வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிடுகிறார். முன்னால் மணமக்கள், பின்னால் சாப்பிடும் மாமா, தூங்கும் குழந்தை, எல்லோரும் ஒரே துல்லியத்தில். வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பதில்லை, இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. உதவியாளர்கள் அதற்கு 'உஸ்தாத் காமிரா' என்று பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள். உஸ்தாத் காலமாகிவிட்டார், இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் அந்த நீளமான, சலிப்பான பதிவைத் தனி டிஸ்கில் போட்டு, தேதி எழுதி வைக்கிறார். எடுத்துக் கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர். மூவரும் தேடி வந்தது ஒரு குரலைத்தான்.